தெற்கே திரும்பி நில்லுங்கள்



நம் வாசகர் வட்டத்தில் நட்சத்திரம் பார்ப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பேசப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1689 டிசம்பரில் இங்கே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார். பெயர் ழான் ரிஷோ. இயேசு சபைக்காரர். சயாமில் ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற வேண்டிவந்த பிறகு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர். அந்த மாதம் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. அதற்காகத் தொலைநோக்கியை எடுத்தவர், தெற்கே பளிச்சென்று இருந்த ஒரு நட்சத்திரத்தின் பக்கமும் அதைத் திருப்பினார். வெறுங்கண்ணுக்கு ஒன்று, கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டு! அதுதான் ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம். அது இரட்டை என்பதை உலகத்தில் முதலில் கண்டு எழுதிவைத்தது இந்த ஊரிலிருந்துதான். பாரிஸில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்திருந்தாலும் அதைப் பார்த்திருக்க முடியாது. அங்கே அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன. ரிஷோ பார்த்த பிறகு நான்கு சுற்று முடித்து ஐந்தாவதில் இருக்கின்றன. 2016 வாக்கில் நம் பார்வைக்கு மிக நெருங்கி நின்றவை, இப்போது விலகிக்கொண்டு வருகின்றன. இனிமேல் பள்ளிக்கூடத்துச் சின்னத் தொலைநோக்கியிலேயே இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

நாம் இருப்பது ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சத்தில். வடக்கே துருவ நட்சத்திரமும் தெரிகிறது, தெற்கே தென்சிலுவையும் தெரிகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வானம் பார்க்கிறவர்கள் இந்தத் தெற்கு வானத்துக்காகவே பணம் சேர்த்து நமீபியாவுக்கும் சிலிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விமானம் ஏறுகிறார்கள். நமக்கு அது மொட்டைமாடிப் படி ஏறினால் கிடைக்கிறது. ஏறுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மே மாதக் கடைசியில் இரவு 9 மணிக்குத் தெற்கே திரும்பி நின்றால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மங்கலாக ஒரு நட்சத்திரம் இருக்கும். ஒமேகா சென்டாரி. பழைய காலத்தில் நட்சத்திரம் என்றே பட்டியலில் எழுதினார்கள். 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த வானியலாளர் எட்மண்ட் ஹாலிக்கு அது நட்சத்திரமாகத் தெரியவில்லை. ஒரு மங்கல் வெளிச்சம் என்று அவர் குறித்தார். உண்மையில் அது சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து. அதன் ஒளி இங்கே வந்து சேர ஏறக்குறைய 17,000 ஆண்டுகள்.

ஒருமுறை கடற்கரையில் எட்டு அங்குலத் தொலைநோக்கியை இந்தக் கொத்தை நோக்கி நிறுத்திவைத்திருந்தோம். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அம்மா வந்தார். "என்னப்பா பாக்குறீங்க?" என்றார். "நீங்களே பாருங்கம்மா" என்றேன். கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் முனகத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் நிமிர்ந்து, "ரவை சிந்தினாப்ல கிடக்குதே தம்பி, அத்தனையும் நட்சத்திரமா?" என்று கேட்டார். அத்தனையும் நட்சத்திரம்தான் அம்மா.

இங்கே உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கைப்பேசியில் வரும் படங்களைப் போல ஊதாவும் சிவப்புமாக எதையும் எதிர்பார்த்து வராதீர்கள். நெபுலா என்னும் வான்முகில்களும் விண்மீன் மண்டலங்களும் கண்ணுக்குப் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். நிறம் காட்டும் கூம்பு செல்களுக்கு அவ்வளவு குறைந்த ஒளி போதாது. இருட்டில் வேலை செய்வது குச்சி செல்கள், அவற்றுக்கு நிறம் தெரியாது. இன்னொன்று, அந்தக் குச்சி செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை, சுற்றிலும் இருக்கின்றன. அதனால் மங்கலான பொருளை நேராக முறைத்தால் மறைந்துவிடும். கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை ஓட்டினால் தெரியும். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாவது வேண்டும். நடுவில் ஒருமுறை கைப்பேசியைத் திறந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. வானம் பார்ப்பது பழகிக்கொள்ள வேண்டிய வித்தை. பத்தாவது நிமிடத்தில் தெரியாதது இருபதாவது நிமிடத்தில் தெரியும். அந்தச் சாம்பல் மங்கலை உங்கள் கண்ணே வாங்குகிறது, நடுவில் யாரும் இல்லை. எனக்கு எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

ஒமேகாவிலிருந்து, நீட்டிய கையின் முஷ்டியில் பாதி அளவு மேலே போங்கள். அங்கே சென்டாரஸ் ஏ என்ற விண்மீன் மண்டலம். நம் பால்வெளிக்கு வெளியே, ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். நல்ல இருட்டில் தொலைநோக்கி வழியே அதன் குறுக்கே ஓடும் தூசிப் பட்டைகூடத் தெரியும். இப்படிப்பட்ட மண்டலங்களை ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் என்ற சபைப் போதகர் இரவு இரவாகப் பார்த்துவந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களின் முகம் அவருக்கு மனப்பாடம். எதிலாவது ஒரு புள்ளி கூடுதலாகத் தெரிந்தால், அங்கே ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது என்று பிடித்துவிடுவார். தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தே 40 சூப்பர்நோவாக்களுக்கு மேல் கண்டவர். அவருக்கு இது தொழில் இல்லை, ஆசை.

தொலைநோக்கிக்குப் பணம் வேண்டுமே என்பீர்கள். ஜான் டாப்சன் என்பவர் 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். கையில் காசில்லாத சந்நியாசி. கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார், அட்டைக் குழாயில் பொருத்தினார், ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்காரவைத்தார். 1967இல் மடத்தைவிட்டு வெளியே வந்தவர், தெருவோரத்தில் தொலைநோக்கியை நிறுத்திப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுப் பார்க்கச்சொன்னார். இன்று உலகம் முழுக்க எளிய மனிதர்கள் வாங்குவதும் செய்வதும் அவர் பெயர் தாங்கிய அந்த அமைப்பைத்தான். நம் ஊர்த் தச்சுப் பட்டறையில் அந்தப் பெட்டியைச் செய்ய முடியாதா என்ன?

ஆனால் பெட்டி செய்தால் மட்டும் போதாது; இருட்டு வேண்டும். நம் தெருவிளக்குகள் தரைக்கு மட்டும் ஒளி தரவில்லை. பக்கவாட்டிலும் மேலேயும் கொட்டுகின்றன. அந்த வீண் ஒளிக்குக் கட்டணம் கட்டுவது நாம். விளக்கை அணைத்துவிட்டுப் பெண்களை இருட்டில் நடக்கவிடச் சொல்லவில்லை. மேலே ஒரு மூடி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி, அவ்வளவுதான். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே கிராமத்து மக்களே பயிற்சி பெற்று, வருகிறவர்களுக்கு வானம் காட்டுகிறார்கள். நம் காவலூர் வானாய்வகத்தை நடத்துகிற அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் அதிலும் துணை நிற்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நகராட்சிக்கு ஒரு மனு எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். மாதம் ஒருநாள், அமாவாசையை ஒட்டி, கடற்கரையின் ஒரு பகுதியில் மட்டும் இரவு 9 மணியிலிருந்து 11 மணி வரை அலங்கார விளக்குகளை நிறுத்திவைக்கக் கேட்கிறோம். காவலுக்கு ஆள் நாங்களே நிற்கிறோம். தொலைநோக்கிகளையும் கொண்டுவருகிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வரும்போது, இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்க, டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக் கொண்டுவாருங்கள். தாத்தா பாட்டிகளுக்கு நாற்காலி உண்டு.