சரணடைதலும் ஒப்படைத்தலும்



தமிழாய்வில் தோய்ந்த கமில் சுவலபில் (1927–2009) பிறந்த செக் நாட்டு மொழியில் 'வ்ஸ்தாத் ஸெ' என்றொரு வினை உண்டு. 'தாத்' என்பது கொடுத்தல். 'வ்ஸ்' மேல்நோக்குதலைச் சுட்டும் முன்னொட்டு. 'ஸெ' என்பது தன்னை. பகைவன்முன் படைக்கலம் வைப்போனுக்கும் அரியணை துறப்போனுக்கும் இவ்வொரு வினையே. 'ஸெ' நீங்கினால் அதே வினை நன்றி செலுத்துதற்கும் ஆகும். பொருளைப் பிரிப்பது வேற்றுமையே: பகைவன் நான்காம் வேற்றுமையில் நிற்பான், அரியணை ஆறாம் வேற்றுமையில் நிற்கும். தொல்காப்பியம் பயின்றோர்க்கு இதில் வியப்பில்லை.

ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இங்கே இடறுகின்றனர். உறுப்புக்கு உறுப்பு நேரான 'கிவ் அப்' இருக்கவே இருக்கிறது. எனினும் புகைப்பழக்கத்தை விடுதற்கும் அதுவே வழங்குதலின், போர்க்களத்துக்கு அதன் கனம் போதாது. 'சரண்டர்' என்றாலோ துறவு மறைந்து தோல்வி மட்டுமே எஞ்சும்.

தமிழில் சொல் வளம் மிகுதி. பங்காளிக்கு வரப்பை விட்டுக்கொடுப்பர். அவையில் உடன்பிறந்தானை விட்டுக்கொடாது பேசுவர். பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழை பொய்த்தால் 'தரிசாப் போட்டாச்சு' என்பர். கைவிடுதல் வேறு, தரிசு போடுதல் வேறு. அடுத்த மழைக்கு உழும் எண்ணம் பின்னதில் உண்டு. அருகே திருச்சுழியில் 1879-இல் பிறந்த இரமணர் உரைத்த சரணாகதியும், அரசு ஊழியர் பணமாக்கும் 'சரண் விடுப்பும்' ஒரே சொல்லில் அடங்குவது தனி வேடிக்கை!

ஆனால் அடைக்கலம் என்னும் சொல்லில் வேடிக்கைக்கு இடமில்லை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். அடைக்கலப் பொருளை இழந்த ஆய்ச்சி மாதரி பின்னர்த் தீயில் புகுகிறாள். கொடுத்தவர் உண்டு, ஏற்றவர் உண்டு, ஏற்றவர்க்குப் பொறுப்பும் உண்டு.

ஈழத்தில் 2009 மே மாதம், போரின் இறுதி நாள்களில், முல்லைத்தீவு வட்டுவாகலில் மகனையும் கணவனையும் படையினரிடம் கையளித்ததாகத் தாயரும் மனைவியரும் சாட்சி கூறினர். 'ஒப்படைத்தோம்' என்பது அவர்தம் வினை. அதன் எழுவாய் தாய், செயப்படுபொருள் மகன், கையேற்றவர் படையினர். இலங்கை அரசின் ஆங்கில வழக்கிலோ அம்மகன் 'சரண்டரீ', அதாவது சரணடைந்தவன். அச்சொல்லில் தாய் இல்லை. வாங்கிய கையும் இல்லை. தானே வந்தான் என்பதோடு பொருள் முடிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அத்தாயின் வாக்குமூலத்தை ஆங்கிலமாக்கும்போது 'சரண்டர்' என்று எழுதினால், எவரிடம் கேட்பது என்னும் வினா அங்கேயே அறுந்துபோகும். 'ஹாண்டட் ஓவர்' என்று எழுதி, யாரிடம் என்பதையும் சேர்த்தால் வினா நிற்கும்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் அத்தாயர் தொடர் போராட்டமாக அமர்ந்தனர். கையில் பிள்ளைகளின் படங்கள். அவர்கள் கேட்டது, ஒப்படைத்த பிள்ளை எங்கே என்பதே.