மணலுக்குள்ளே ஒரு குச்சி

(காஞ்சிபுரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

சேமிப்பு, கடன், தணிக்கை எல்லாம் பேசி முடிச்சாச்சு. மீதி இருக்கிற நேரத்தில் உங்க வீட்டுச் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசலாம்னு நினைக்கிறேன். பின்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறாங்க. சிரிங்க, ஆனா காது கொடுத்துக் கேளுங்க.

கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் விளையாடாதவங்க யாராவது இங்கே இருக்கீங்களா? ஒருத்தரும் இல்லை. சரி, உங்க வீட்டு நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அந்த ஆட்டம் தெரியுமா? பாருங்க, சத்தமே காணோம்.

புது மருமகள்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஒரு முழ நீளத்துக்கு, நாலு விரல் உயரத்துக்கு மணலைக் கரை மாதிரி குவிக்கணும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்காரணும். ஒரு பிள்ளை சின்னக் குச்சியை மணலுக்குள் விட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரலை ஓட்டி, எங்கேயோ விட்டுவிடும். எதிரில் இருக்கிற பிள்ளை இரண்டு கையையும் கோத்து, குச்சி இருக்கும்னு தோன்றுகிற இடத்தில் வைத்து அமுக்கும். கிடைத்தால் ஆட்டம் கை மாறும். கிடைக்கலைன்னா அந்தப் பிள்ளையின் இரண்டு கை நிறைய மணலை அள்ளி வைத்து, அதில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி, சுற்றிச் சுற்றி அழைத்துப் போய் எங்கேயாவது கொட்டச் சொல்வார்கள். திரும்பக் கூட்டி வந்து கண்ணைத் திறந்துவிட்டு, "போய்க் கண்டுபிடி" என்பார்கள். புதையல் வேட்டை என்று இப்போது பெரிய பள்ளிகளில் பணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறார்களே, அது இதுதான்!

இதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? எதிராளியின் விரல் எந்த இடத்தில் ஒரு நொடி தயங்கியது என்று கவனிக்கப் பழகுகிறது. கண்ணைக் கட்டி நடக்கும்போது எத்தனை திருப்பம், காலடியில் சிமெண்டா, புல்லா, வெயிலா, நிழலா என்று மனசில் குறித்துக்கொள்கிறது. தோற்றாலும் அழாமல் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கிறது. மணலைக் கிள்ளி, அள்ளி, அமுக்கும் விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். விரலுக்கு எவ்வளவு அறிவு உண்டு என்று அறுந்த பட்டு இழையை முடிச்சுப் போடுகிற உங்களுக்கு நான் சொல்லணுமா?

கொஞ்சம் கசப்பான விஷயமும் சொல்லணும். நம்ம கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிறம். மூன்று நாடா ஓடும். அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேணும். அந்தக் கை ரொம்ப காலம் சின்னப் பிள்ளையின் கையாக இருந்தது. பெற்றவர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுப்பட்டுக் கிடந்த காஞ்சிபுரத்துப் பிள்ளைகளைப் பற்றி, 2003-ஆம் ஆண்டு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு அறிக்கை வெளியிட்டது. அந்த வயசில் விளையாடாமல் போனவர்கள் இப்போது அம்மாக்களாக இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். தறியிலிருந்து மீட்ட அந்த நேரம் இப்போது எங்கே போகிறது? நாம தார் சுற்றும்போது பிள்ளை தொந்தரவு செய்யக் கூடாதுன்னு போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு முதல் நாலு வயசு வரை திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது, ஓடியாடுவது மூன்று மணி நேரமாவது வேணும்.

"மண்ணில் விளையாடினால் அழுக்குதானே மேடம்?" என்று கேட்பீர்கள். ஏகாம்பரநாதர் கோயிலில் அம்பாள் மணலால் பிடித்து வைத்த லிங்கம் என்றுதானே கும்பிடுகிறோம்! ஆனால் உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கு. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நின்றால் கொக்கிப் புழு தோல் வழியாகவே உள்ளே போகும். நாய், பூனை அசிங்கம் செய்த மணலிலும் புழு முட்டை இருக்கும். அதனால் தெருவோரக் குவியல் வேண்டாம். வீடு கட்டும் இடத்து மணலும் வேண்டாம். அதில் சிமெண்ட் கலந்திருக்கும், குவியல் சரியவும் செய்யும். எம்-சாண்டில் கல்தூள் பறக்கும். பாலாற்று மணல் இப்போது பொன் விலை, ஆனால் நமக்கு வேண்டியது ஒரு மூட்டைதான். சல்லடையில் சலித்து, முள், கண்ணாடி, பிளேடுத் துண்டு எடுத்துவிட்டு, அலசி, தார்ப்பாயில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ராத்திரி மூடி வையுங்கள், இல்லாவிட்டால் பூனைதான் முதல் ஆளாக வரும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், நகம் வெட்டியிருக்கணும். ஒரு வயசு முதல் 19 வயசு வரைக்கும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைத் தவற விடாதீங்க.

மூன்று வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குக் குச்சி வேண்டாம். புளியங்கொட்டை, மணி, காசு, பட்டன் பேட்டரி எதுவும் வேண்டவே வேண்டாம். வாயில் போட்டால் ஆபத்து. கரண்டியையோ கொட்டாங்குச்சியையோ பாதி தெரிகிற மாதிரி புதைத்து வையுங்கள், அதுவே அதற்குப் புதையல். மூன்று, நாலு வயசுக்கு ஐந்து பொருளை ஒளித்து, எண்ணிக்கொண்டே எடுக்கச் சொல்லலாம். அதற்கு மேல் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் தானாக வந்துவிடும்.

யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் உங்கள் எல்லோருடைய கேள்வியும். தனி ஆளாக முடியாது, உண்மைதான். ஆனால் ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் இருக்கோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு ஒருத்தர் என்று முறை வைத்தால், ஒருத்தருக்கு மாசத்தில் இரண்டு மூன்று நாள்தான் வரும். மற்ற நாள் உங்க தறி நிற்காது. மணல், தார்ப்பாய்ச் செலவை எப்படிப் பகிர்வது என்று அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு வாங்க. ஆண்களும் முறைக்கு வரலாம், அதை எழுதவும் மறக்காதீங்க.

வாசலில் வேப்பமரத்தடியில் கொஞ்சம் மணல் குவித்து வைத்திருக்கிறேன். ஆட்டம் மறந்துபோனவங்க வாங்க, கிளம்பும் முன்னால் இரண்டு ஆட்டம் போட்டுப் பார்த்துவிடலாம்.