தோட்டத்துத் திருவிழாவில் அயல்நாட்டு மாணவர்கள்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் அம்மன் திருவிழாவிற்கு அனைத்துலக மாணவர்களை வரவேற்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தீர்கள். அந்த அனுபவத்தைப் பேசும்படி செயலவையினர் பணித்துள்ளனர். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால், இதனால் நமக்குள்ளேயே மனத்தாங்கல் ஏற்பட்டதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நீலாய் வட்டாரம் முன்பு ரப்பரும் செம்பனையுமாக இருந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு நகரம் வந்தது. 1998-இல் செப்பாங்கில் விமான நிலையம் திறக்கப்பட்டது. இன்று இன்டி, நீலாய்ப் பல்கலைக்கழகம் என்று உயர்கல்விக் கூடங்கள் பல. உலகின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். நம் லயங்களோ போய்விட்டன. நம் பிள்ளைகள் சிரம்பானிலும் செனாவாங்கிலும் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை கூடும் அந்தக் கூட்டத்தில் இருபது புதுமுகங்கள் சேர்ந்தால் அம்மனுக்கும் மகிழ்ச்சிதானே என்று எண்ணித்தான் தொடங்கினோம்.

முதல் தவறு 2023 பங்குனியில். அன்னதான வேளை. நைஜீரியாவிலிருந்து வந்த மாணவர் நால்வரை இலையில் உட்கார வைத்தோம். அவர்கள் கைவைக்கவில்லை. வேண்டாம் என்று கையை அசைத்தார்கள். விருந்தாளி வேண்டாம் என்றால் நாம் விடுவோமா? இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினோம்! கடைசியில் ஒருவர் மெதுவாக, "ஐயா, நாங்கள் முஸ்லிம்கள், இது நோன்பு மாதம்" என்றார். எனக்குத் தலை கவிழ்ந்துவிட்டது. மார்ச் 23-இலேயே நோன்பு தொடங்கியிருந்தது. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு அது தெரியாதா? தெரியும். ஆப்பிரிக்கர் என்றால் கிறிஸ்தவர் என்று நாமாக முடிவு செய்துகொண்டோம், அவ்வளவுதான். நைஜீரியாவின் வட பகுதியில் பெருவாரியானோர் முஸ்லிம்கள் என்பதைப் பிறகே அறிந்தேன்.

மறு ஆண்டும் திருவிழா நோன்பு மாதத்திலேயே அமைந்தது. இம்முறை முன்கூட்டியே கேட்டோம். மாலையில் அவர்களைக் கோயிலுக்கு வெளியே மண்டபத்தில் அமர்த்தி, நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் குடிநீரும், ஹலால் சான்றிதழ் பெற்ற கடையிலிருந்து சாப்பாடும் தந்தோம். அம்மனுக்குப் படைத்தது எது, படைக்காதது எது என்பதையும் சொல்லிவிட்டோம். படைத்ததை உண்ண அவர்கள் நெறி இடம் தராது. அதில் நமக்கு வருத்தம் வேண்டியதில்லை.

அடுத்து நடந்ததுதான் பெரிய மனக்கசப்பு. அதே 2024-இல் பால்குடம் வந்து சேர்ந்தபோது, நம் தோட்டத்துப் பாட்டி ஒருவருக்கு அருள் வந்தது. இளமைக் காலம் முழுவதும் இதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். உடுக்கை முழங்க, அவர் கூந்தல் அவிழ ஆடுகையில், சீன நாட்டு மாணவிகள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி கையில் கைப்பேசியும் இருந்தது. பார்த்த நம்மவர்கள் கொதித்துப் போனார்கள். "இனி ஒரு வெளிநாட்டுக்காரனும் இங்கே காலெடுத்து வைக்கக் கூடாது" என்று அன்றிரவே செயலவையில் குரல் எழுந்தது. அப்படிச் சொன்னவர்களை நான் குறை கூற மாட்டேன், எனக்கும் வயிறெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவிகளைக் காண அவர்களின் விடுதிக்குப் போனேன். கண்டிக்கத்தான் போனேன். அந்தப் பெண் என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "அந்தப் பாட்டி பிழைத்துக்கொண்டாரா?" என்பதே. அவர் நோயில் துடிக்கிறார், ஏன் ஒருவரும் மருத்துவரை அழைக்கவில்லை என்று அவள் நடுங்கியிருக்கிறாள். பயம் வந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுமாம். கைப்பேசியில் ஆம்புலன்ஸ் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாளாம். நான் பேசத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அருள் வருவது என்றால் என்னவென்று அவளுக்கு யார் சொன்னோம்?

திரும்பும் வழியில் பாட்டியின் வீட்டில் இறங்கி விவரம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சாமி வந்து நிக்கிறப்போ யாரு சிரிச்சா, யாரு அழுதான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டு, அவரே சிரித்துவிட்டார். அவருக்காக நாம்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தோம். மறு ஆண்டு அந்தப் பெண் ஆரஞ்சுப் பழங்களுடன் வந்து பாட்டியின் பக்கத்திலேயே நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது திருவிழாவிற்கு ஒரு வாரம் முன்பே விடுதிக்குச் சென்று ஒரு மணி நேரம் பேசுகிறோம். காலணி, உடை, படம் எடுக்கும் இடம், அருள், அலகு எல்லாம் சொல்கிறோம். பின்னால் முனியாண்டி சந்நிதியில் கிடா வெட்டு உண்டென்பதையும் மறைப்பதில்லை. அதை வேறு நாளுக்கு மாற்றிவிடலாம் என்று சில இளைஞர்கள் சொன்னார்கள். என் எண்ணம் வேறு: சாமிக்கு வெட்கப்பட்டுக்கொண்டு விருந்தாளியை அழைப்பதைவிட, அழைக்காமலே இருந்துவிடலாம். காண விரும்பாதவர்கள் முன்மண்டபத்தில் இருக்கிறார்கள். நேப்பாள மாணவர் ஒருவர், தம் ஊர் தசைன் விழாவிலும் இது உண்டென்று சொல்லி நேரே அங்கே போய் நின்றார்!

2025-இல் பாலித் தீவிலிருந்து ஒரு மாணவி வந்தாள். அவளும் இந்துதான். நாம் சொல்லாமலே இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர்கள் கோயில் வழக்கம் அது. தீர்த்தம் வாங்கியபின் அரிசி எங்கே என்று தேடினாள். அவர்கள் அரிசியை நெற்றியில் ஒட்டிக்கொள்வார்களாம். நம் பூசாரி ஐயா உள்ளே போய் அட்சதைத் தட்டை எடுத்துவந்து நீட்டினார். நமக்கு அது தலையில் தூவுவது. அவள் நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஐயா மறுப்பேதும் சொல்லவில்லை.

வரும் திருவிழாவிற்கு நாற்பது பேர் வர விரும்புகிறார்கள். ஒரு பேருந்து, மலாய், ஆங்கிலம், சீனம் ஆகிய மொழிகளில் விளக்கத் தாள், மண்டபத்தருகே செருப்பு வைக்கும் அடுக்கு ஆகியவை தேவைப்படுகின்றன. பேருந்துச் செலவை அன்பர் ஒருவர் ஏற்றுவிட்டார். மற்ற இரண்டையும் ஏற்க முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைக் காணுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுதிக்கு என்னோடு வர, சீனம் பேசத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.