ஏழு நாள் மௌனம்



துன்பத்தினூடே ஆன்மீக வளர்ச்சி என்ற தலைப்பில் தலைமை உரை ஆற்றும்படி கேட்டிருக்கிறீர்கள். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. துன்பம் ஆளை வளர்க்குமா? பவுல் அடியார் ரோமருக்கு எழுதுகையில் உபத்திரவத்திலிருந்து பொறுமை, பொறுமையிலிருந்து பரீட்சை, பரீட்சையிலிருந்து நம்பிக்கை என்று படிப்படியாகக் கொண்டுபோகிறார். அதை நான் முழுதாக விசுவாசிக்கிறேன். ஆனால் போர்க்காலத்தில் ஒரே பங்கரில் ஒரே எறிகணைக்குத் தப்பிய இருவரில் ஒருவர் கனிந்ததையும் மற்றவர் கசந்துபோனதையும் நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம். புத்தூருக்கு வரும் வழியில் நிலாவரைக் கிணற்றடியில் சற்று நின்றேன். மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும் என்று இந்தச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைக்கும் எந்தத் தோட்டக்காரரும் சொல்வார். மனிதரையும் அப்படி இறைத்துவிட முடியும்.

அப்படியென்றால் கனிந்தவரைக் கனிய வைத்தது எது? நம் மண்ணின் கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்கள் இங்கே இருக்கத் தடை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் கரையேறினார். வந்த சுருக்கிலேயே வயிற்றுக்கடுப்பு கண்டு, ஊர்ப்புறக் குடிசையொன்றில் கிடந்தார். ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டதாக அவர் சரிதத்தில் வருகிறது. அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து, 1697இல், கண்டியில் அம்மை நோய் பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, வாஸ் அடிகள் அவர்களைத் தேடிப்போய்க் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, எனக்கு அந்தக் கஞ்சிச் சட்டிதான் நினைவில் நின்றது. வாஸ் அடிகளின் வளர்ச்சியில் அவருடைய நோய்க்கு எவ்வளவு பங்கோ, குடிசை வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

நான் சொல்ல வந்தது இதுதான். துன்பத்தில் விசுவாசம் வளர்ந்த இடமெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்றிருக்கிறார்.

வாஸ் அடிகளுக்குப்பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் தமிழில் வியாகுலப் பிரசங்கத்தை எழுதினார். தவக்கால இரவுகளில் இன்றும் நம் ஆலயங்களில் அது இழுத்துப் பாடப்படுகிறது. இலக்கியக்காரர் அதன் நடையைப் பற்றிப் பேசுவார்கள், பேசட்டும். நான் சிறுவயதில் கண்டது வேறு. பிள்ளையை இழந்த தாய்மார் அந்த இரவுகளில், மகனை இழந்த மாதாவுக்காக அழும் சாட்டில், தங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுதார்கள். வீட்டில் அடக்கிய அழுகைக்கு ஆலயம் இடம் கொடுத்தது. வேதாகமத்தின் சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். 88ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், ஒரு ஆறுதலும் இன்றி இருளிலேயே முடிகிறது. முடிவில் ஒரு தோத்திரத்தை ஒட்டிவைக்க வேண்டும் என்று அதைத் தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

நமக்கோ அது அடிக்கடி தோன்றுகிறது. 1995 ஜூலை 9இல், நவாலி சென்பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் தேடியிருந்தோர் மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஒக்டோபர் 30இல் போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நாட்களில், கர்த்தர் உங்களைப் புடமிடுகிறார் என்று சொன்ன பிரசங்கிகள் உண்டு. நானும் சொன்னேன். கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய், ‘என்ர பிள்ளையைக் கொண்டோ என்னைப் புடம்போட வேணும், ஐயா?’ என்று கேட்டா. இன்றுவரை அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் பொறுமையைப் போதித்த வரலாறு நம் சபைகளுக்கும் உண்டு. சாதி பார்த்து ஆலயத்துக்குள் இடம் பிரித்தவர்கள், ஒதுக்கப்பட்டவரிடம் சிலுவையைச் சுமக்கச் சொன்னார்கள். அந்தச் சிலுவையைச் செய்து கொடுத்தது அவர்கள் கைதான். நீக்கக்கூடிய துன்பத்தை நீக்காமல் அதற்கு ஆன்மீகப் பொருள் சொல்வதைப் பாவம் என்றே நான் கருதுகிறேன். எந்த அமர்விலும் இதை மழுப்பிவிட்டுப் போக வேண்டாம் என்று கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மெதடிஸ்தத் திருச்சபையின் வைத்தியசாலை அமைந்த ஊர் இந்தப் புத்தூர். அதற்கு வைத்த பெயர் புனித லூக்கா. நல்ல சமாரியனின் உவமை நாலு சுவிசேஷங்களில் லூக்காவில் மட்டுமே இருக்கிறது. அடிபட்டுக் கிடந்தவனிடம் அந்தச் சமாரியன் ‘உனக்கு ஏன் இது வந்தது’ என்று விசாரிக்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், காசு கட்டினான். யோபுவின் நண்பர்களும் முதலில் சரியாகத்தான் செய்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். வாய் திறந்தபின்தான் எல்லாம் பிழையாய்ப் போனது. இறையியல் கல்லூரிகளில் அவர்களுடைய வாதங்களைப் பல வாரங்கள் படிப்பிக்கிறோம். அந்த ஏழு நாட்களை ஒரு மணி நேரமாவது படிப்பிக்கிறோமா?

ஆகவே ஏற்பாட்டாளரிடம் கேட்டு நிகழ்ச்சி ஒழுங்கில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இல்லை. 1995இல் நடந்துபோன இந்த ஊர் அம்மாமார் மூவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவார்கள். எவ்வளவு நேரம் எடுத்தாலும் மணி அடிக்க வேண்டாம். இடையில் நின்றால் நாமும் பேசாமல் இருப்போம். குறிப்பெடுப்பவர்கள் பேனையைக் கீழே வையுங்கள்.

வாங்கோ அம்மா. கதிரை போட்டிருக்கு, இருந்துகொண்டே கதைக்கலாம்.