நூறு பேரில் ஐந்தாறு பேர்

(கிளையின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடுத்த மாதம் நமது பாடசாலை மண்டபத்தில் இரத்ததான முகாம் நடத்துவதென்று கிளைக் கமிட்டி முடிவெடுத்திருக்கிறது. அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து இரண்டு கேள்விகள் வருகின்றன. "இரத்தம் எல்லோருக்கும் சிவப்புத்தானே, அதில் என்ன பிரிவு?" என்பது ஒன்று. "ஆஸ்பத்திரியில் இரத்தம் இருக்கும்தானே, நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பது மற்றது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கொரோனா காலத்தில் 'அன்டிஜன்' என்ற சொல்லை நாம் எல்லோரும் கேட்டோம். அன்று மூக்கில் குச்சி விட்டுத் தேடியது கிருமியின் அன்டிஜனை. நமது இரத்தத்திலுள்ள செங்குழியங்களின் மேலும் அன்டிஜன்கள் உண்டு. அவை நோயல்ல, தாய் தகப்பனிடமிருந்து வந்த அடையாளம். ஏ அடையாளம் இருந்தால் ஏ பிரிவு, பி இருந்தால் பி பிரிவு, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லாவிட்டால் ஓ. இதை 1901ஆம் ஆண்டு வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்ற மருத்துவர் வெளிப்படுத்தினார். அவர் பிறந்த ஜூன் 14ஆம் திகதிதான் இன்று உலக இரத்ததானிகள் தினம். ஆர்.எச். என்று இன்னோர் அடையாளமும் உண்டு. அது இருந்தால் பொசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்.

நமக்கில்லாத அடையாளத்தோடு வேறொருவர் இரத்தம் உள்ளே வந்தால், உடம்பு அதை அந்நியமென்று எதிர்த்து அழிக்கும். ஆள் செத்தும் போகலாம். அதனால்தான் பொருத்தம் பார்க்காமல் இரத்தம் ஏற்ற மாட்டார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். இலங்கையில் இரத்ததானம் செய்கிறவர்களில் நூறு பேரை எடுத்தால், ஏறத்தாழ 45 பேர் ஓ பிரிவு, 27 பேர் பி, 22 பேர் ஏ, ஏபி ஆறு பேர் அளவில்தான். அந்த நூறு பேரில் 94 அல்லது 95 பேர் பொசிட்டிவ். மிஞ்சும் ஐந்தாறு பேர்தான் நெகட்டிவ். இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் நூறில் 15 பேர் வரை நெகட்டிவ். ஜப்பானில் நூறுக்கு ஒருவர்கூட இல்லை.

நமது தோட்டத்தில் வளர்ந்தவர்கள் 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஓ நெகட்டிவ் உள்ளவர்கள் பத்துப் பேர் அளவில் இருப்பார்கள். அதில் வயதானவர்கள், கர்ப்பிணிகள், இரத்தம் குறைந்தவர்கள், கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள் கழிந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ஏபி நெகட்டிவ் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். தோட்டம் முழுக்கத் தேடினாலும் ஒருவர் கிடைப்பது நிச்சயமில்லை. ஓ பிரிவுக்காரரின் செங்குழியங்களை மற்றப் பிரிவினருக்கு ஏற்றலாம். ஆனால் அவர் ஓ பிரிவு இரத்தத்தை மட்டுமே வாங்க முடியும். ஓ நெகட்டிவ் உள்ளவருக்கு ஓ நெகட்டிவ்தான் வேண்டும்.

பிள்ளைப்பேற்றில் ஒரு தாய்க்கு இரத்தம் அதிகம் போகும் இராத்திரியில் லயம் லயமாகக் கதவு தட்டி ஆள் தேட முடியாது. தேடிப் பிடித்தாலும் எயிட்ஸ், ஹெப்பட்டைட்டிஸ், மலேரியா என்று சோதித்துப் பார்த்த பிறகே அந்த இரத்தத்தைப் பாவிக்கலாம். ஆகவே இரத்தம் முன்கூட்டியே வங்கியில் இருக்க வேண்டும். அதுவும் கெட்டுப்போகும் பொருள். செங்குழியங்களை ஐந்தாறு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. யாராவது எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் வங்கியில் இரத்தம் இருக்கும். நமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தத்துக்குக் காசு வாங்குவதில்லை. கொடுப்பவருக்கும் காசு இல்லை. சந்தாவைப் போலத்தான்: எல்லோரும் போட்டு வைத்தால், தேவைப்பட்டவருக்கு உதவும்.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். தாய் நெகட்டிவ், வயிற்றுப் பிள்ளை பொசிட்டிவ் என்றால், பிரசவத்தில் பிள்ளையின் இரத்தம் தாயின் உடம்பில் கலக்கலாம். தாயின் உடம்பு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரியை உண்டாக்கும். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளையின் இரத்தத்தை அது வயிற்றிலேயே அழிக்கலாம். இதைத் தடுக்க அன்டி-டி என்ற ஊசி இருக்கிறது. பிள்ளை பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கரு கலைந்தாலும் டொக்டரிடம் இதைக் கேட்க வேண்டும். உங்கள் கிளினிக் அட்டையில் பிரிவு எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நெகட்டிவ் என்றால் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. தகப்பன் ஏ, தாய் பி என்றால் நான்கு பிரிவில் எதிலும் பிள்ளை பிறக்கலாம். பிள்ளையின் பிரிவு வேறாக இருக்கிறதென்று பெண்ணைச் சந்தேகித்துச் சண்டை பிடிப்பது அறியாமை. சாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூடப்பிறந்தவர்களுக்கே பிரிவு வேறு வேறாக இருக்கும். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இருப்பவரின் இரத்தம் நமக்குச் சரியாகப் பொருந்தும்.

"மலையில் ஏறி இறங்குகிற பெண், இரத்தம் கொடுத்தால் விழுந்துவிடுவாளே" என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. முகாமில் முதலில் விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்படும் பெண்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அன்றைக்கே பெயரைச் சங்கத்தில் கொடுங்கள். கீரை, நெத்தலி, முட்டை, பருப்பு வாங்கச் சம்பளம் போதாததும் இரத்தம் குறைவதற்கு ஒரு காரணம். சம்பளப் பேச்சுவார்த்தையில் சொல்ல வேண்டிய விடயம் அது. நாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

தோட்ட நிர்வாகத்திடம் கிளை இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கிறது. முகாமில் இரத்தம் கொடுப்பவருக்கு அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும். மறுநாள் பாரமான வேலை கொடுக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். 18 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் இருப்பவர்கள், கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் கழிந்தவர்கள், அடையாள அட்டையோடு வாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வராதீர்கள். பிரிவு தெரிந்ததும் அட்டையின் பின்னால் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். நெகட்டிவ் என்று தெரிய வருபவர்கள், விருப்பமிருந்தால் கிளைச் செயலாளரிடம் பெயர் பதியுங்கள். அந்தப் பட்டியல் சங்கத்துக்கு வெளியே போகாது. இரத்த வங்கி கேட்கும்போது மட்டும் உங்களிடம் வந்து கேட்போம்.

முகாமில் சந்திப்போம்.