பென்ஸ் காரில் வந்த கொப்புளம்

(கொழும்புக்கு வேலைக்குப் போகவிருக்கும் இளைஞர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் தோட்ட வாசிகசாலையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



மலையில் கொழுந்து எடுத்து, கூடை இறக்கி, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் நீட்டி முழக்காமல் விசயத்துக்கு வருகிறோம். இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழும்புக்குப் போய், கராஜில் கார் பெயின்ட் அடிக்கப் பழகியவர்கள் நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் இன்னமும் அந்தத் தொழிலில் இருக்கிறோம். மூன்றாவது ஆள் தொழிலை விட்டுவிட்டு இங்கே லயத்தில் இருக்கிறார். அது ஏன் என்பதையும் சொல்லத்தான் வந்தோம்.

"பென்ஸ் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காரில் நாம் ஏறிப் போவதில்லை, உண்மைதான். ஆனால் அதைத் தேய்க்கிறதும் பூசுகிறதும் மினுக்குகிறதும் பல இடங்களில் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று தாய் தகப்பனுக்கும் தெரிய வேண்டாமா?

தேயிலையில் வருகிற கொப்புள நோயை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். 1946ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த நோய் அது. மழையும் பனிமூட்டமும் விடாமல் இருந்தால் இளங்கொழுந்தில் கொப்புளம் போடும். காரின் பெயின்டிலும் அதே மாதிரி கொப்புளம் வரும். அங்கே பூஞ்சணம் இல்லை, ஆனால் ஈரம்தான் பெரும்பாலும் காரணம்.

நாங்கள் வேலை பழகிய கராஜுக்கு ஒரு வெள்ளி நிற பென்ஸ் கார் வந்தது. இடது பக்கக் கதவு எதிலோ மோதி நசுங்கியிருந்தது. டிங்கர் வேலை முடிந்ததும், பள்ளத்தைக் கட்டலோய் பசையால் நிரப்பி, தேய்த்து, நாங்கள் பெயின்ட் அடித்தோம். கண்ணாடி மாதிரி இருந்தது. துரை சந்தோசமாகக் காரை எடுத்துப் போனார். இரண்டு மாசம் போகவில்லை, கார் திரும்பி வந்துவிட்டது. கதவு முழுக்க அரிசி மணி மாதிரி கொப்புளம்.

"மேலால தேய்ச்சிட்டு இன்னொரு தரம் அடிங்கடா" என்றார் முதலாளி. அப்படியே செய்தோம். மறுபடியும் கொப்புளம் போட்டது. எங்கள் சம்பளத்தில் கை வைத்தார்கள். அப்போது பக்கத்து வேலையில் இருந்த வயசான பாஸ் ஒருத்தர் ஓர் ஊசியை எடுத்து ஒரு கொப்புளத்தைக் குத்திக் காட்டினார். உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. "மல்லி, இந்த வருத்தம் மேலே இல்லை, அடியில் இருக்கு. அடியைப் பார்க்காமல் எத்தனை தரம் அடித்தாலும் திரும்ப வரும்" என்றார்.

எங்கள் பிழை அப்போதுதான் விளங்கியது. கட்டலோய் பசை பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும். அதை நாங்கள் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டு, காயும் முன்னே அன்று பின்னேரமே பிரைமர் அடித்துவிட்டோம். கொம்பிரஷர் தாங்கியில் சேர்ந்திருந்த தண்ணீரையும் காலையில் திறந்துவிடவில்லை. அது காற்றோடு சேர்ந்து பெயின்டில் விழுந்தது. வேர்த்த கையால் கதவைத் தொட்டுக்கொண்டே வேலை செய்தோம். வேர்வையில் உள்ள உப்பு பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், அது ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும்.

தம்பிமாரே, கொப்புளத்தைக் கண்டால் முதலில் குத்திப் பாருங்கள். தண்ணீர் வந்தால் ஈரம் மாட்டியிருக்கிறது. சிவப்புத் தூள் வந்தால் தகட்டில் துரு. ஒன்றும் வராமல் காற்றுப் போல இருந்தால், ஒரு பூச்சு காயும் முன் அடுத்ததைத் தடிப்பாக அடித்ததில் தின்னர் உள்ளே அடைபட்டிருக்கலாம். எதுவானாலும் பழுதான இடத்தைத் தகடு தெரியும் வரை எடுத்துவிட வேண்டும். துரு இருந்தால் ஒரு பொட்டும் மிஞ்சக்கூடாது. ஓரத்தைப் படி தெரியாமல் சரிவாகத் தேய்க்க வேண்டும். பிறகு கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வெறும் தகட்டுக்கு எபொக்சி பிரைமர் அடிக்க வேண்டும். அது காய்ந்த பிறகுதான் கட்டலோய். கட்டலோயை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். அதன் மேல் அடிக்கிற பிரைமர் காய்ந்த பின்புதான் வோட்டர் பேப்பரும் தண்ணீரும். அதையும் முழுதாகக் காயவிட்டுத்தான் நிறம் அடிக்க வேண்டும். ஒரு நாள் பொறுத்தால் இரண்டு மாச அவமானம் மிஞ்சும்.

அந்தக் கதவை இப்படித் திருத்தினோம். அடுத்தது நிறம். பென்ஸ் காரில் பெயின்ட் இலக்கம் ஒரு தகட்டில் பொறித்திருக்கும். பழைய கார்களில் பொனட்டைத் தூக்கினால் முன்பக்கம் காணலாம், புதியவற்றில் கதவுத் தூணில் இருக்கும். இந்தக் காரின் இலக்கம் 744, அதாவது பிரில்லியன்ட் சில்வர். அந்த இலக்கத்துக்கே பெயின்ட் கலந்து, இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் அடித்தோம். நன்றாகப் பொருந்தியது. காலையில் வெயிலுக்குத் தள்ளிப் பார்த்தால், கதவு மட்டும் கறுத்துக் கிடந்தது!

ஏன் அப்படி? வெள்ளி நிறப் பெயின்டில் அலுமினியத் துகள்கள் கிடக்கின்றன. ஈரமாக, கிட்ட வைத்து அடித்தால் துகள்கள் அடியில் படிந்து நிறம் கறுக்கும். எட்ட வைத்து, காற்றைக் கூட்டி, மெல்லிசாக அடித்தால் வெளுக்கும். டப்பா ஒன்றுதான், ஆனால் அடிக்கிற கைக்குத் தக்கபடி நிறம் மாறும். அதோடு கார் வெயிலில் நின்று பழைய பெயின்டும் மாறியிருக்கும். இலக்கம் ஒரு தொடக்கம் மட்டும்தான்.

அதனால் முதலில் பக்கத்துத் தகட்டைக் கழுவி மினுக்கி அதன் உண்மையான நிறத்தைக் காண வேண்டும். காருக்கு அடிக்கும் முன் ஓர் அட்டையில் அடித்து, கிளியரும் பூசி, காய்ந்த பின் பகல் வெளிச்சத்தில் காரோடு பிடித்துப் பார்க்க வேண்டும். நேராகவும் பார்க்க வேண்டும், சரிந்து நின்றும் பார்க்க வேண்டும். அப்படியும் நூற்றுக்கு நூறு பொருந்தாது. அதற்குத்தான் நிறத்தைக் கதவோடு நிறுத்தாமல் பக்கத்துத் தகட்டில் கொஞ்சம் மங்க மங்க ஓடவிட்டு, கிளியரை அந்தத் தகடு முழுக்க அடிக்கிறோம். எங்கே புதுசு முடிகிறது, எங்கே பழசு தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தூளின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்கிற டீமேக்கரை நமக்குத் தெரியும். இதுவும் அப்படிப் பழகிய கண்ணால் செய்கிற வேலைதான். கூலி வேலை என்று யாரும் தாழ்த்திப் பேச வேண்டாம்.

இனி மூன்றாவது ஆளைப் பற்றி. கிளியரோடு கலக்கிற ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அதை அடிக்கும்போது வரும் புகாரை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். வாசத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. மூக்கில் கட்டுகிற லேஞ்சியும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வெளியேயிருந்து சுத்தமான காற்று வருகிற முகமூடியும், காற்றை இழுத்து வெளியேற்றுகிற அறையும் வேண்டும். எங்களுக்கு அவை ஒன்றும் தரவில்லை, கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கூட்டாளிக்கு முதலில் இரவில் இருமல். தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்தால் சுகம். திரும்பிப் போனால் மறுபடி இழுப்பு. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். டொக்டர் காட்டித் தந்தபோது காலம் கடந்துவிட்டது. ஒரு தரம் உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். இன்றைக்கு அவரால் மேட்டு லயத்துக்கு ஒரு மூச்சில் ஏற முடியாது.

தாய்மாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். லீவில் வருகிற மகனுடைய இருமலைக் கவனியுங்கள். வீட்டில் நின்றால் குறைந்து, வேலைக்குப் போனால் கூடுகிறதா? பணம் எவ்வளவு அனுப்புவாய் என்று கேட்கும் முன் அதைக் கேளுங்கள். டொக்டரிடம் போகும்போது பெயின்ட் அடிக்கிற வேலை என்று மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

தம்பிமாரே, மாஸ்க் கேட்பது வெட்கமில்லை. தின்னரில் கை கழுவாதீர்கள். இ.பி.எப். கட்டுகிறார்களா என்று பாருங்கள். முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம். நம்ம அப்பா அம்மாவுக்குத் தோட்டத்தில் கட்டுகிற அதே பணம் உங்களுக்கும் உரியதுதான். கையால் பழகிய வேலைக்கும் நைட்டா மூலம் பரீட்சித்து என்.வி.க்யூ. சான்றிதழ் எடுக்கலாம். கடதாசி கையில் இருந்தால் "பொடியன்" என்று கூப்பிடுகிறவர்களும் "பாஸ்" என்று கூப்பிடுவார்கள்.

அந்த வயசான பாஸ் காருக்குச் சொன்னது மனுசனுக்கும் பொருந்தும். மேலால் மினுக்கி மறைத்த வருத்தம் திரும்ப வரும். கொப்புளத்தைக் கண்டதும் குத்திப் பார்ப்போம். இருமலைக் கேட்டதும் காரணம் கேட்போம்.