வேலை தேடும் பிள்ளையும் வீட்டுப் பெரியவர்களும்

(பெங்களூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெங்களூரில் ஐ.டி. வேலை தேடி அலையும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் ஐ.டி. துறையில் இருந்தவன் அல்ல. 1971-ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து, ரிடையர் ஆனவன். ஆனால் சில வருஷங்களாக, வேலை தேடி இந்த ஊருக்கு வரும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். கும்பகோணம், திருநெல்வேலி, பாலக்காடு, மும்பை என்று பல ஊர்களிலிருந்து போன் வருகிறது. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "பையன் நன்றாகத்தான் படித்தான். கேம்பஸில் ஆர்டர்கூட வந்தது. ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்?"

இந்தக் கேள்விக்கு ஜாதகத்தில் பதில் தேடுபவர்கள் உண்டு. பிள்ளையின் சோம்பேறித்தனத்தில் தேடுபவர்களும் உண்டு. நான் விவரங்களைத் தேடிப் பார்த்தேன். அவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அகலமாகத் திறந்த வாசல்

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். நம்மவர்கள் பெங்களூருக்கு வேலை தேடி வருவது புதிதல்ல. 1940-ல் தொடங்கிய ஹெச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் ஹெச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகள் வந்தன. அவற்றை நம்பி வந்து மல்லேஸ்வரத்திலும் ஜயநகரிலும் குடியேறிய குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். 1970-களின் கடைசியில் எலக்ட்ரானிக் ஸிட்டிக்கு அடித்தளம் போடப்பட்டது. 1981-ல் புனேயில் பிறந்த இன்ஃபோஸிஸ் 1983-ல் இங்கே வந்தது. 1985-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வந்தது. 1991-க்குப் பிறகு, சாட்டிலைட் வழியாக வெளிநாட்டுக்கு ஸாஃப்ட்வேர் அனுப்பும் வசதி பரவியதும் ஊரே மாறிவிட்டது.

இந்தக் கம்பெனிகளின் வியாபார முறை ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று கணக்குப் போட்டு பில் அனுப்புவதுதான் பல வருஷங்களாக இருந்த வழக்கம். மேலே அனுபவஸ்தர்கள் சிலர், அடியில் குறைந்த சம்பளத்தில் புதிய பட்டதாரிகள் ஏராளமான பேர். கோபுரம் மாதிரி ஓர் அமைப்பு. அடித்தளம் அகலமாக இருந்தால்தான் லாபம். எனவே இன்ஜினீயரிங் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சரி, பி.எஸ்ஸி. கணிதம், பௌதிகம் படித்திருந்தாலும் சரி, புத்திசாலித்தனமும் ஓரளவு இங்கிலீஷும் இருந்தால் எடுத்துக்கொண்டு அவர்களே பயிற்சி கொடுத்தார்கள். நம் குடும்பங்களில் இரண்டு தலைமுறை இந்த வாசல் வழியாகத்தான் முன்னுக்கு வந்தது.

வாசல் ஏன் குறுகியது?

கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் வேலைகள் குவிந்தன. கம்பெனிகள் போட்டி போட்டு ஆள் எடுத்தன. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். சுமார் ஒரு லட்சம் புதிய பட்டதாரிகளை எடுத்தது. இன்ஃபோஸிஸ் சுமார் 85,000 பேரை எடுத்தது. 2022 மார்ச் முதல் அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள். எடுத்த ஆட்களுக்கே வேலை இல்லை. 2023-24-ல் இன்ஃபோஸிஸ் எடுத்த புதியவர்கள் சுமார் 11,900 பேர்தான். அதே ஆண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோஸிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து மொத்த ஊழியர் எண்ணிக்கை அறுபதாயிரத்துக்கு மேல் குறைந்தது.

ஆர்டர் கையில் இருந்தவர்கள் பாடும் கஷ்டமாகத்தான் இருந்தது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று சொல்லியிருந்த புதியவர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோஸிஸில் 2022-ல் தேர்வானவர்களில் பலர் இரண்டு வருஷம்வரை காத்திருந்தார்கள். 2024-ல் ஒருவழியாகச் சேர்ந்த பிறகு, 2025 பிப்ரவரியில் மைசூர் வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மூன்று வாய்ப்புகளிலும் உள்தேர்வில் தேறாதவர்கள் என்று கம்பெனி விளக்கம் சொன்னது.

இதோடு ஏ.ஐ. என்னும் செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்தது. தங்கள் கம்பெனியின் சில ப்ராஜெக்டுகளில் 20 முதல் 30 சதவீதம் வரை ப்ரோக்ராமை மெஷினே எழுதுகிறது என்று மைக்ரோஸாஃப்ட் தலைவர் சத்ய நாதெல்லா 2025 ஏப்ரலில் சொன்னார். சின்னச் சின்னத் திருத்தங்கள், டெஸ்டிங் போன்ற வேலைகளைத்தான் முன்பு புதியவர்களுக்குக் கொடுத்துப் பழக்குவார்கள். மெஷின் முதலில் கை வைத்தது அந்த அடிப்படியில்தான். மறுபக்கம், ஒரு கல்லூரியில் ஒரு பிரிவுக்கு இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 முதல் நீக்கிவிட்டது. கம்ப்யூட்டர் ஸயன்ஸ் இடங்கள் பெருகின.

ஆக, நாற்காலி குறைந்தது, உட்கார வந்தவர்கள் கூடினார்கள். 2018-ல் பாஸ் செய்த அண்ணாவுக்கு மூன்று மாதத்தில் கிடைத்த வேலை, இப்போது பாஸ் செய்யும் தம்பிக்கு ஒன்றரை வருஷம் ஆகலாம். தம்பி அண்ணாவைவிட மக்கு என்று அர்த்தமில்லை. நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

பின்வாசல் வேண்டாம்

நல்ல மார்க் வாங்கிய திருச்சிப் பையன் ஒருவன் பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். தினமும் காலையில் ஷூ போட்டுக்கொண்டு லைப்ரரிக்குப் போய்விடுவான். வீட்டில், வேலை கிடைத்து ட்ரெயினிங்கில் இருப்பதாகச் சொல்லியிருந்தான். ஐந்து மாதம் இப்படியே ஓட்டியிருக்கிறான். ஒரு கன்சல்டன்சிக்காரர் அவனிடம், ஒன்றரை லட்சம் கொடுத்தால் மூன்று வருஷ அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தயார் செய்து தருவதாகச் சொன்னாராம். அதைப் பற்றிக் கேட்கத்தான் என்னிடம் வந்தான். "தப்புன்னு தெரியறது மாமா. ஆனா தினமும் ராத்திரி அப்பா போன் பண்ணி முதல் சம்பளம் எப்போன்னு கேட்கறார்" என்றான்.

அவனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். பொய் அனுபவம் நிலைக்காது. இப்போது ஒருவரின் வேலைச் சரித்திரம் காகிதத்தில் மட்டும் இல்லை. 2014 முதல் பிராவிடண்ட் ஃபண்டில் யு.ஏ.என். என்ற நிரந்தர எண் வந்துவிட்டது. எந்தக் கம்பெனி, எந்த மாதம் பணம் கட்டியது என்பது அதில் பதிவாகிறது. வருமான வரிக் கணக்கிலும் தடம் இருக்கும். சேர்ந்தபிறகுகூடச் சரிபார்ப்பு நடக்கிறது. இல்லாத கம்பெனிகளின் பேரில் அனுபவக் கடிதம் கொடுத்துச் சேர்ந்தவர்களை வேலையிலிருந்து நீக்கியதாக ஆக்ஸெஞ்சர் 2022 நவம்பரில் அறிவித்தது. அப்படி வெளியே வந்த பிள்ளை அடுத்த கம்பெனியில் என்ன பதில் சொல்வான்? வேலை இல்லாதவன் என்பது ஒரு காலகட்டம். பொய் சொல்லி மாட்டியவன் என்பது ஆயுசுக்கும் கூட வரும்.

வேலைக்கு முன்பணம், டெபாசிட், லேப்டாப் சார்ஜ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் எதுவும் பணம் வாங்கிக்கொண்டு வேலை கொடுப்பதில்லை. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுகளை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப் போய், மியான்மரில் அடைத்துவைத்து, இணைய மோசடி செய்யச் சொன்ன கொடுமையை நீங்கள் படித்திருப்பீர்கள். நம் வெளியுறவு அமைச்சகமே 2022 செப்டம்பரில் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பெரும்பாலும் அந்த ஆத்திரம் பிள்ளையுடையதாக இல்லை, வீட்டில் இருப்பவர்களுடையதாகவே இருக்கிறது.

காத்திருக்கும் காலத்தில்

எங்கள் காலத்தில் பி.எஸ்ஸி. முடித்தவன் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தான். அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹாண்ட் பாஸ் செய்துகொண்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயில் ஏறினான். இன்றைய டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹாண்டும் எவை என்பதுதான் கேள்வி.

முதலாவது, பொதுவாகப் "ஐ.டி. தெரியும்" என்பது இனிப் போதாது. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் வேலைக்காகவே நடத்தும் மையங்கள் 2024 கணக்குப்படி இந்தியாவில் 1,700-க்கு மேல் உள்ளன. சுமார் 19 லட்சம் பேர் அவற்றில் வேலை செய்கிறார்கள். அதில் பெங்களூருக்குத்தான் முதலிடம். அவர்கள் கூட்டமாக ஆள் எடுப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு வேலை தெரிந்தவரைத் தேடுகிறார்கள். டேட்டா, க்ளௌட், செக்யூரிட்டி, சிப் டிசைன் என்று ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போக வேண்டும்.

இரண்டாவது, அதற்கு லட்ச ரூபாய் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.க்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். பரீட்சைக்கு மட்டும் சிறு கட்டணம். மாரத்தஹள்ளியில் "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்தில் பணத்தைக் கட்டுமுன், முந்தைய பேட்சில் படித்த நாலு பேரிடம் விசாரியுங்கள். படித்ததோடு நிற்காமல், சின்னதாக ஒரு ப்ராஜெக்டாவது சொந்தமாகச் செய்து காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, அப்ரெண்டிஸ்ஷிப். மத்திய அரசின் தேசியப் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகள் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். கர்நாடகத்தைச் சேர்ந்தவர்களுக்கு, பட்டம் பெற்று ஆறு மாதமாகியும் வேலை கிடைக்காவிட்டால் மாதம் 3,000 ரூபாய் தரும் யுவநிதி திட்டம் 2024 ஜனவரியில் தொடங்கியது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தகுதி இருந்தால் விண்ணப்பிப்பதில் வெட்கம் எதற்கு?

நான்காவது, சின்னக் கம்பெனி, சப்போர்ட் வேலை, இரவு ஷிஃப்ட் என்று எதையும் கேவலமாக நினைக்க வேண்டாம். முதல் வேலை என்பது ரயிலில் ஏறுவது மாதிரி. ஏறியபிறகு ஸீட் மாறிக்கொள்ளலாம். வயது இருக்கும்போதே ஸ்டாஃப் ஸெலக்ஷன் கமிஷன், பேங்க் பரீட்சைகளையும் எழுதிவைப்பது நல்லது. அரசாங்கச் சோறு சாப்பிட்டவன் என்பதால் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இரண்டு கதவைத் தட்டுவது புத்திசாலித்தனம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

பெங்களூரில் வேலை தேடுவதே ஒரு செலவு. விடுதி வாடகை, சாப்பாடு, பஸ், மெட்ரோ எல்லாம் சேர்ந்தால் சிறிய தொகை இல்லை. எத்தனை மாதம், மாதம் எவ்வளவு என்று பிள்ளையோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். இப்போது பல இன்டர்வியூக்கள் கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கின்றன. ஊரில் இருந்தபடி தேடி, தேவைப்படும்போது மட்டும் வந்து போகவும் முடியும்.

தினமும் "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். கிடைத்தால் அவர்களே முதலில் உங்களுக்குத்தான் சொல்வார்கள். வாரம் ஒருநாள் பேசுங்கள், "என்ன படித்தாய், எங்கே போய் வந்தாய்?" என்று கேளுங்கள். கல்யாணம், சீமந்தம் என்று நாலு பேர் கூடும் இடத்தில் வேலை இல்லாத பிள்ளையைப் பந்தியில் வைத்து விசாரிக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். வரன் பார்க்கும்போது, முதல் வேலைக்கு முன் இருக்கும் ஒரு வருஷ இடைவெளியைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. பெண் குழந்தைகளிடம், "வேலை கிடைக்காவிட்டால் கல்யாணத்தைப் பண்ணிவிடலாம்" என்று சொல்வது அவள் படித்த படிப்புக்கே அவமரியாதை.

பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்று தெரிந்தால் உடனே கவனியுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம். இந்தச் சேவைக்கு வழிகாட்டுவது நம் ஊர் நிம்ஹான்ஸ்தான்.

அந்தத் திருச்சிப் பையன் பின்வாசல் பக்கம் போகவில்லை. என் எதிரிலேயே அப்பாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர், "அஞ்சு மாசமா என்ன சாப்பிட்டே?" என்று மட்டும் கேட்டார். இப்போது அவன் ஒரு சின்னக் கம்பெனியில் சப்போர்ட் வேலையில் இருக்கிறான். சம்பளம் அதிகமில்லை. ஆனால் வீட்டுக்குத் தினமும் பேசுகிறான்.

ஐ.டி. துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், இப்போது வேலையில் இருப்பவர்களும் நம் அங்கத்தினர்களில் பல ஊர்களில் இருக்கிறீர்கள். மாதம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒரு பிள்ளைக்கு மாதிரி இன்டர்வியூ நடத்திக் காட்டுங்கள். பயோடேட்டாவைத் திருத்திக் கொடுங்கள். எங்கே எந்த வேலை காலி என்று தெரிந்தால் சொல்லுங்கள். சிபாரிசு செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி காட்டினால் போதும். பம்பாய்க்குப் போன அந்தக் காலத்துப் பிள்ளைக்கு, மாதுங்காவில் யாரோ ஒரு மாமா படுக்க இடம் கொடுத்தார். அதுபோல நாமும் செய்வோம்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் க்ஷேமம் உண்டாகட்டும்.